ஐஸ் பக்கற் விற்கிற மகனுக்கு லாபம் என்றால் என்னவென்று எப்படிப் புரியவைப்பது?

உப்புவெளி அம்மா:
வணக்கம். எங்கள் வீடு கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில். மகனுக்கு 13 வயது. ஓகஸ்ட் லீவில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஐஸ் பக்கற் செய்து வாசலில் விற்கத் தொடங்கினான். ஒரு நாளைக்கு 50 பக்கற், ஒன்று 30 ரூபாய். முதல் நாள் 1,500 ரூபாயை மேசையில் எண்ணி வைத்துவிட்டு "அம்மா, இவ்வளவும் லாபம்" என்றான். சீனி என் சீனிப் போத்தலில் இருந்து போனது, நன்னாரி சர்பத் அவனுடைய அப்பா வாங்கி வைத்தது, பிறிட்ஜ் இரவு முழுக்க அவனுக்காக ஓடுகிறது. கேட்டால் "வீட்டுச் சாமான்தானே" என்கிறான்.

இதில் சிரிப்பு என்னவென்றால், மூத்தவள் தரம் 11இல் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் படிக்கிறாள். பெறுமானத் தேய்வு (பாவிக்கப் பாவிக்கப் பொருளின் பெறுமதி குறைவது) என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், நித்திரையிலும் சொல்வாள். தம்பிக்கு உண்மையில் எவ்வளவு லாபம் என்று கேட்டால் "அது பாடத்தில் இல்லை அம்மா". பிரசங்கம் வைக்காமல் இந்த இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கச்சான்காரன்:
அக்கா, முதலில் சீனிப் போத்தலைப் பூட்டுங்கள். பிறகு ஒரு 2,000 ரூபாயைக் கடன் என்று சொல்லிக் கொடுத்து, துண்டில் எழுதி அவனிடம் கையெழுத்தும் வாங்கி, சீனி, சர்பத், பக்கற், றபர் பேண்ட் எல்லாம் அவனே கடைக்குப் போய் வாங்கி வரட்டும். பிறிட்ஜுக்கு இரவு வாடகை 50 ரூபாய். கொஞ்சம் கல்நெஞ்சாகத்தான் தெரியும், பரவாயில்லை.

எனக்கு இது 12 வயதில் நடந்தது. சிவராத்திரிக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் கச்சான் விற்கலாம் என்று அம்மாவிடம் காசு வாங்கி 5 கிலோ பச்சைக் கச்சான் வாங்கினேன். மணலில் வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும் என்று யாருக்குத் தெரியும்? கருகியது கொஞ்சம், சொத்தை கொஞ்சம், நான் தின்றது, கூட வந்த சிநேகிதன் தின்றது. நான் 5 கிலோ கணக்குக்குத்தான் சுருளுக்கு விலை போட்டிருந்தேன், விடிய வீட்டுக்கு வந்து பார்த்தால் முதலுக்கே மோசம். (சுருள் சுற்றியது பழைய கொப்பித் தாளில். கோயில் இருக்கிற கோட்டைக்குள் திரிகிற மான்கள் அந்தத் தாளையும் விடாது, அது வேறு கதை.) அம்மா ஏசவில்லை. அடுத்த திருவிழாவுக்குக் காசு கேட்டபோது "போன முதல் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நிலாவெளி வீதியில் கடை வைத்திருக்கிறேன், 2022இல் திரும்பவும் அதே பாடம். டொலர் 200இல் இருந்து 360ஐத் தாண்டிய காலம். பழைய விலைக்கு வாங்கிய சீனியை வழக்கமான லாபம் வைத்து விற்று முடித்தேன், கொப்பியில் லாபம்தான் இருந்தது, ஆனால் அந்தக் காசுக்கு அதே அளவு சீனி திரும்ப எடுக்க முடியவில்லை. ஆகவே இன்றைய காசில் நாளைய சீனிக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்து ஐப்பசி மழை தொடங்கினால் ஐஸ் பக்கற்றை ஆரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்போது அவித்த கடலை விற்கலாமா என்று அவனையே யோசிக்க விடுங்கள்.

மூதூரான்:
எல்லோரும் உற்சாகப்படுத்துகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். லீவில் வீட்டு வாசலில் விற்பது சரி. பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும் காசு ருசி விடாது, எங்கள் குடும்பத்திலேயே ஒருவன் ரியூசன் காசைப் போட்டு வியாபாரம் செய்து, பிறகு ரியூசனுக்கே போகவில்லை. 16 வயது வரை படிப்பு கட்டாயம், வேலைக்கு வைக்கிற ஆகக் குறைந்த வயதும் 2021இல் இருந்து 16தான். லீவு முடிகிற நாளோடு கடையும் மூடும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் சகோதரி.

பழைய வாத்தியார்:
மூதூர்த் தம்பி சொன்னது நியாயம். ஆனால் தங்கச்சி, உங்கள் மகளின் பதில்தான் எனக்குச் சுட்டது. வர்த்தகப் பாடம் படிப்பித்தவன் நான், பிள்ளைகள் பாடமாக்கிச் சித்தி எடுப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன். இரட்டைப் பதிவை, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு பக்கத்தில் எழுதுகிற முறையை, லூக்கா பசியோலி 1494இல் வெனிஸில் அச்சுப் புத்தகத்தில் எழுதினார், ஆனால் அதற்கு முன்பே வியாபாரிகள் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்கள். தொழில் முதலில், புத்தகம் பிறகு. நாங்கள் அதைத் தலைகீழாகக் கொடுக்கிறோம்.

ஆகவே கணக்கை அக்கா எழுதட்டும், விற்பது தம்பி. விற்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 50இல் 12ஐக் கிரிக்கெற் பொடியன்களுக்குக் கடனாகக் கொடுத்திருந்தால் விற்பனை 1,500, கையில் 1,140, மிச்சம் 360 வருமதி, அதாவது இன்னும் வர வேண்டிய காசு. லாபம் வேறு, கையில் உள்ள காசு வேறு என்பது அந்த 360ஐ வாங்கப் பின்னால் அலையும்போது விளங்கிவிடும்.

பெறுமானத் தேய்வுக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி போதும். 1,800 ரூபாய்ப் பெட்டி 60 நாள் தாங்கும் என்று வையுங்கள். நாளுக்கு 30. அதாவது தினமும் ஒரு பக்கற்றைப் பெட்டி குடிக்கிறது.

உப்புவெளி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. பெட்டி குடிக்கிற கதையைச் சொன்னதும் இரண்டு பேரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று மகள் எழுதியது: சீனி 250, சர்பத் 320, பக்கற்றும் றபர் பேண்டும் 110, பிறிட்ஜ் 50, பெட்டி 30. 1,500இல் 760 போக 740. அதிலும், வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே 12 பக்கற் கடனாகப் போய், 360 இன்னும் கிரிக்கெற் மைதானத்தில்தான் நிற்கிறது. மகனின் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து "அப்ப ஒரு பக்கற்றை 40 ஆக்குவோம்" என்றான், முன் ஒழுங்கைக் கடையிலும் 30தான் என்று அக்கா சொன்னாள், சரி சீனியைக் குறைப்போம் என்றான். குறைத்த முதல் பக்கற்றை எனக்குத்தான் தந்தான், நல்லாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

லீவோடு கடை மூடும் என்பதற்கும் சம்மதித்துவிட்டான். ஆனால் வாத்தியார் ஐயா, ஒரு புதுப் பிரச்சினை. இன்று காலை தேங்காய் வாங்கிவரச் சொன்னேன், வந்து ஒரு துண்டை நீட்டினான்: "கடைக்குப் போன கூலி 20, பிறிட்ஜ் வாடகையில் கழிக்கவும்." இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?