புதுப்பிப்பு: அடக்க முடியாத சிறுநீர் அவசரம், மூன்று நாள் குறிப்புக்குப் பிறகு

திடீரென முட்டிக்கொண்டு வரும் சிறுநீர் அவசரத்துக்கு, ஒவ்வொரு தடவையும் போகும் சிறுநீரை மூன்று நாள் அளந்து குறித்து வரும்படி போன பதிவில் எழுதியிருந்தோம். அடுத்து என்ன என்று தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு தடவைக்கான அளவைப் பாருங்கள். 100, 150 மில்லியாக அடிக்கடி போனால் சிறுநீர்ப்பையின் மிகைச் செயல்பாடாக (நிரம்புமுன்பே பை சுருங்குவதாக) இருக்கலாம். அடிக்கடி போயும் தடவைக்கு 400 மில்லி என்றால் சர்க்கரையைச் சோதியுங்கள். கிருமித்தொற்று இல்லையென்று உறுதியாகாமல் மாத்திரை வேண்டாம். ரத்தம் தெரிந்தால் சிறுநீர்ப்பாதை நிபுணரிடம் (யூராலஜிஸ்ட்) அனுப்புங்கள்.

சிறுநீரை அடக்கும் பயிற்சிதான் முக்கியம். 1 மணி நேரம் தாங்குபவர் அந்த இடைவெளியை வாரம் 15 நிமிடம் கூட்டி, குறைந்தது 6 வாரம் தொடர வேண்டும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். உட்கார்ந்து இடுப்படித் தசையை (சிறுநீரை அடக்க இறுக்கும் தசை) ஐந்தாறு தடவை சட்டென்று இறுக்கி விடுங்கள், தணியும். ரப்பர் வெட்டப் போகுமுன் குடிக்கும் கட்டன்சாயாவை (பால் சேர்க்காத தேநீர்) குறையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும்.

பிறகே மருந்து. சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் சோலிஃபெனாசின் 5 மி.கி. மாத்திரை வாயை வறட்டும், மலத்தை இறுக்கும். மலச்சிக்கலோ அவசரத்தைக் கூட்டும். மறதி உள்ள முதியோருக்கு அதைவிட மிராபெக்ரான் 25 மி.கி. மாத்திரை நல்லது. ரத்த அழுத்தம் 180/110-ஐ எட்டியிருந்தால் அதுவும் கூடாது. பலனை 4 வாரத்தில் பாருங்கள்.