பெரிய வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

வள்ளியப்பன் சித்தப்பா, காரைக்குடி (காலை 6.10): எல்லோருக்கும் காலை வணக்கம் 🙏 'மகிழ்ச்சியாக வாழ 21 வழிகள்' அனுப்பியிருக்கிறேன். அவசியம் படிக்கவும்.

மெய்யம்மை, சென்னை: படித்தேன் சித்தப்பா. நாலாவது வழி, செல்போனைத் தள்ளி வையுங்கள். தள்ளி வைத்துவிட்டால் மீதி பதினேழை எதில் படிப்பது?

சொக்கு, சிங்கப்பூர்: நான் முதல் வழியிலேயே அவுட். அதிகாலையில் எழ வேண்டுமாம். நைட் ஷிப்ட் முடித்து இப்போதுதான் படுக்கப் போகிறேன்.

வள்ளியப்பன் சித்தப்பா: கிண்டல் போதும்ப்பா. ரிட்டயர் ஆனபின் எனக்குப் பொழுதே நகரவில்லை. எட்டு மணிக்குள் பேப்பர் முடிந்துவிடுகிறது. அப்புறம் சாப்பாட்டு நேரம் வரை முகப்பில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறேன்.

சொக்கு: ரிட்டயர் ஆனதும் ஊரில் வந்து நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நான் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறேன். நீங்களே இப்படிச் சொன்னால்?

மெய்யம்மை: ஹார்வர்டில் 1938-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அப்போது இளைஞர்களாக இருந்தவர்களிடம் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்து, இப்போது அவர்கள் பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள். பணமோ பேரோ அல்ல, ஒட்டுதலான உறவுகள் இருந்தவர்கள்தான் உடம்பும் மனசும் நன்றாக இருந்தார்கள் என்று தெரிந்தது.

வள்ளியப்பன் சித்தப்பா: உறவுக்கு நான் எங்கே போவது? நம் வளவு வீட்டில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகளை எல்லாம் சேர்த்துப் பார்ப்பது கல்யாணத்துக்குத்தான்.

அப்பத்தா, கானாடுகாத்தான்: (அப்பத்தா சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன், அழகி) வள்ளியப்பா, பங்காளி வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. சாயங்காலம் தெருக்கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தானாக வருகிறார்கள். ஓலையில் கொட்டான் கூடை முடையச் சொல்லித் தருகிறேன். ஓலை காய்ந்தால் முறிந்துவிடும், ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். நேற்று ஒருத்தி அடியை நன்றாக முடைந்துவிட்டு, மூலை திருப்பும்போது இழுத்துவிட்டாள். கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதில்தான் பூ பறித்து வைத்திருக்கிறேன்.

சொக்கு: உங்களுக்கு நேரம் இருக்கிறது அப்பத்தா. கொடுத்து வாழ்ந்தவர் என்று அழகப்பச் செட்டியாரைச் சொல்வார்கள். காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். என்னிடம் இருப்பது ஒரு வாடகை ரூம், அதிலும் பாதி.

அப்பத்தா: அவரை ஏன் இழுக்கிறாய்? நம் ஆட்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவார்கள். கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்று இருந்திருந்தால் ஒரு கோபுரம் எழுந்திருக்குமா? உன் நாளிலும் அப்படி ஒரு கால் மணி எடுத்து வை. மிச்சத்தை ஆபீசுக்குக் கொடு.

மெய்யம்மை: அந்த 21 வழிகளையும் அழித்துவிடலாம் சித்தப்பா 😄

சொக்கு: கால் மணி என்றால் முடியும். ரயிலில் திரும்பும் நேரம் சும்மா ரீல்ஸ்தான் பார்க்கிறேன். நாளையிலிருந்து அந்த நேரத்தில் அப்பத்தாவைக் கூப்பிடுகிறேன்.

அப்பத்தா: கூப்பிடு. விளக்கு ஏற்றும் நேரமாக இருந்தால் எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வள்ளியப்பா, நீ ஏன் பேச்சைக் காணோம்?

வள்ளியப்பன் சித்தப்பா (இரவு 7.45): வெளியே போயிருந்தேன் ஆத்தா. எதிர்வீட்டுப் பையன் பேங்க் தேர்வுக்குப் படிக்கிறான், வட்டிக் கணக்கு வந்தால் தடுமாறுகிறான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தானே போட்டேன்? நாளையிலிருந்து காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூட இரண்டு சிநேகிதர்களையும் கூட்டி வருகிறானாம்.

உமையாள் சித்தி, காரைக்குடி: மூன்று பிள்ளைகள், அதுவும் எட்டு மணிக்கா? இதை எனக்குக் குழுவில்தான் சொல்ல வேண்டுமா? மாவு ஆட்டி முடித்துவிட்டேன். போனை வைத்துவிட்டுப் போய் ரவை வாங்கி வாருங்கள்.