நடுக்கடலில் சின்னப் பாய்மரப் படகு: போனவர்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

சவுத்தாம்ப்டனிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் கிளம்பி கரீபியனில் உள்ள செயின்ட் லூசியா வரை, சுமார் 2,700 கடல் மைல். 36 அடிப் படகு, நாலு பேர். வீட்டில் எல்லோரும் புயலை நினைத்துத்தான் பயந்தார்கள். புயல் வரவே இல்லை. எங்களைப் படுத்தி எடுத்தது நல்ல காற்று.

காற்று பக்கவாட்டில் அடித்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே ஓடும், உடம்பும் பழகிவிடும். ஆனால் அந்த வழியில் வடகிழக்கு வியாபாரக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளுகிறது. படகு இடமும் வலமுமாக இராப்பகல் உருளும். தொட்டிலுக்குள் நின்று சமைப்பது போலத்தான்.

அடுப்பை இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அது மட்டமாகவே நிற்கும். சாம்பார் பத்திரம், சமைக்கிறவன்தான் பறப்பான். அதற்காக இடுப்பில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். கொதிநீர் தொடையில் கொட்டினால் ஓடிப்போக ஆஸ்பத்திரி கிடையாது என்பதால், கொளுத்தும் வெயிலிலும் கனமான மழைக்கால பேன்ட்டோடு டீ போடுவோம். தட்டு வேலைக்கு ஆகாது, எல்லாம் கிண்ணம்தான்.

மூடி பூட்டிக்கொள்வதால் இந்த மாதிரிப் படகுகளில் பிரஷர் குக்கருக்கு நல்ல மரியாதை. ஆனால் விசில் அடிக்கும் நம்மூர் குக்கரை கேப்டன் பார்த்ததில்லை. இரவுக் காவல் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதர், முதல் விசிலுக்கே ஏதோ அபாயச் சங்கு என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஜட்டியோடு மேலே வந்துவிட்டார். பருப்பு என்றேன். நம்பவில்லை, வந்து மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

கழிவறை பற்றி ஒரே வரி: ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், ஒரு கை கம்பியில், ஒரு கை பம்பில்.

நாகப்பட்டினத்திலிருந்து:

பறக்கும் கோலா மீன் படகில் விழுந்திருக்குமே? எங்கள் ஊரில் கோடையில் இலைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடிப்பார்கள். உங்களுக்கு இலவசமாக மேலேயே வந்து விழும் என்கிறார்கள்!

சவுத்தாம்ப்டனிலிருந்து:

விழுந்ததே! பெரிய மீன் துரத்தினால் தண்ணீரை விட்டு எகிறிப் பறக்கும். இருட்டில் அதற்குப் படகு தெரியாது. சுக்கான் பிடித்திருந்தவரின் கன்னத்தில் பளாரென்று ஒன்று. யார் அடித்தது என்று அவர் என்னைத்தான் முறைத்தார். விடிந்ததும் டெக்கில் பொறுக்கி வறுத்தோம். கண்ணுக்குத் தப்பி கயிற்றுச் சுருளுக்குள் கிடந்தது மட்டும் நாலு நாள் கழித்து வாசனையால் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

லங்காவியிலிருந்து:

அண்ணே, எங்கள் கதை சாப்பாட்டுக் கதைதான். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து இலங்கையின் காலிக்குப் போனோம். படகுக்காரர் பிசாங் மாஸ் வாழைத்தார் ஒன்றைப் பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டார். தினம் நாலு பழம் பறித்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். தார் அப்படிப் பழுக்குமா? பச்சையாகவே ஆடிக்கொண்டிருந்தது, ஒரு காலை பார்த்தால் மொத்தமும் மஞ்சள். காலையில் பழம், மதியம் பழம், ராத்திரி பழப் பணியாரம். மிச்சம் கடலுக்கு.

அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றவே கூடாது, மடிப்புக்குள் கரப்பான் முட்டை வந்துவிடும். டின்களிலும் லேபிளை உரித்துவிட வேண்டும். அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரில் காகிதம் ஊறிப் பிரிந்தால் பம்பு அடைத்துக்கொள்ளும். அதனால் உரித்துவிட்டு மார்க்கரால் பெயர் எழுதுவது வழக்கம். எங்கள் கூட்டாளி ஒருவர் சோம்பேறித்தனமாக ஆங்கில முதல் எழுத்தை மட்டும் போட்டிருந்தார். பட்டாணிக்கும் (peas) "P". பீச் பழத்துக்கும் (peach) "P". குழம்பு கொதிக்கும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு டின்னைத் திறந்து அப்படியே கவிழ்த்தேன், சர்க்கரைப் பாகோடு பீச் விழுந்தது. எழுதியவருக்கே இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினேன்.