உடலை உறையவைத்தல்: பணக்காரர்களைத் தேடிப் போனதுதான் தவறா?

எழிலன்_கே:
1960-இல் ராபர்ட் எட்டிங்கர் அமெரிக்கப் பிரபலர் பெயர்த்தொகுப்பான 'ஹூஸ் ஹூ'விலிருந்து சுமார் 200 பேரைத் தேர்ந்து, இறந்த உடலை உறையவைத்து, வருங்கால மருத்துவம் உயிர்ப்பிக்கும்வரை காத்திருக்கலாம் என்று எழுதி அனுப்பினார். காசும் படிப்பும் உள்ளவர்கள் முன்வருவார்கள் என்ற நம்பிக்கை. பதில் போட்டவர்கள் சொற்பம். அப்போதே விட்டிருக்க வேண்டும்.

மதிவாணி:
யாரிடம் கேட்டார் என்பது தப்பில்லை எழிலன், பணம் வாங்கிய முறைதான் தப்பு. கலிபோர்னியாவில் உடல் உறையவைக்கும் சங்கத்தை நடத்திய ராபர்ட் நெல்சன், உறவினர்கள் தொடர்ந்து கட்டுவார்கள் என்று நம்பி உடல்களை ஏற்றார். உடலை வைக்கும் கலன் என்பது பெரிய பிளாஸ்க்: இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். வெல்டிங்கில் மயிரிழைக் கசிவு வந்தாலும் வெற்றிடம் கெடும், நைட்ரஜன் வேகமாக ஆவியாகும், செலவு ஏறும். அந்த நேரம் பார்த்துக் குடும்பங்கள் பணத்தை நிறுத்தின. சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் 9 உடல்கள் அழுகியது 1979-இல் வெளியே வந்தது.

எழிலன்_கே:
ஜேம்ஸ் பெட்ஃபோர்டிடம் பணம் இருந்ததே? 1967 ஜனவரி 12-இல் உறையவைக்கப்பட்ட முதல் மனிதர், உளவியல் பேராசிரியர். ஆய்வுக்கென்று 1,00,000 டாலர் எழுதிவைத்தார். மற்ற உறவினர்கள் வழக்குப் போட, உயிலைக் காக்க மனைவியும் மகனும் அதைவிட அதிகம் செலவழித்தார்கள். உடல் கைமாறிக் கைமாறி, 1977 முதல் 1982 வரை மகனின் பொறுப்பில் இருந்தது. குடும்பமே நைட்ரஜன் ஊற்றியது. அதன்பின்தான் ஆல்கார் என்ற உறையவைப்பு நிறுவனத்துக்குப் போனது. இத்தனைக்கும் அன்று, உறையும்போது செல்களைக் காக்கும் மருந்தான டைமீத்தைல் சல்ஃபாக்சைடை ஊசியில் ஏற்றினார்களே தவிர, இரத்தக் குழாய் வழியே முழுதாகச் சுற்றவிடவில்லை. மருந்து எட்டாத திசுவில் பனிப்படிகம் செல்களைக் கிழித்திருக்கும். அதைக் காக்கத்தான் இவ்வளவு பாடு!

மதிவாணி:
மருந்து விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் உயிலில் எழுதினால் வாரிசுகள் வழக்குப் போடுவார்கள் என்பதைத்தான் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். 1976-இல் எட்டிங்கரே தொடங்கிய உறையவைப்பு நிறுவனமான கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட், முழு உடலுக்கு 28,000 டாலரை ஒரே தொகையாகக் கேட்டது. ஆயுள் காப்பீட்டில் நிறுவனத்தையே பயனாளியாக எழுதிவிட்டால் அந்தத் தொகை நேரே போய்ச் சேரும். முதலைத் தொடாமல் வரும் வட்டியில் நைட்ரஜன் வாங்கலாம். மாதச் சம்பளக்காரரும் பிரீமியம் கட்டிச் சேரலாம்.

எழிலன்_கே:
காப்பீட்டு வழியை ஏற்கிறேன். அப்படியானால் அந்த 200 கடிதங்களும் தப்பான கதவைத்தானே தட்டின? அவற்றைக் காப்பீட்டு முகவர்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.