மாத்திரை இருக்கு, கொண்டு வர ஆள் இல்லை

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் எதற்கும் பத்தவில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். கூடவே, கிறிஸ்துமஸ் சமயத்தில் நான் கேட்ட ஒரு விஷயத்தையும் சொல்லத் தோன்றுகிறது.

நான் குளச்சல் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள். கொட்டில்பாட்டில் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் கன்னியாஸ்திரி. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் பல வருடமாக இருக்கிறார், லீவுக்கு வந்திருந்தார். என் பையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அங்க இதுதான் மக்ளே நின்னு போச்சு."

அவர் இருப்பது ஏரிக்கரை ஊர். நம்மைப் போலவே மீனும் மரச்சீனியும்தான் சாப்பாடு. எய்ட்ஸ் நோய் நடுவயதுக்காரர்களைக் கொண்டுபோனதால் பாட்டிமார்தான் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்தப் பாட்டிகளில் சிலருக்கும் அதே நோய், தினமும் மாத்திரை வேண்டும். வயதான எல்லோருக்கும் ஓய்வூதியம் என்று அங்கே ஒன்றும் கிடையாது.

2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்க உத்தரவு போட்டார். ஜூலை 1-ஆம் தேதி, அந்த உதவியைக் கொடுத்து வந்த யூஎஸ்எய்டு என்ற அமெரிக்க அரசு அமைப்பையே மூடிவிட்டார்கள். பிரிட்டனும் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதம் வெளிநாட்டு உதவிக்குக் கொடுத்து வந்ததை 2027-க்குள் 0.3 ஆக்கப்போகிறதாம். செய்தியில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சிஸ்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது. மாத்திரை ஆஸ்பத்திரிக்கு வருகிறது. சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டு வந்த பெண்ணுக்குத்தான் வேலை போய்விட்டது. அவள் சம்பளம் அந்தப் பணத்திலிருந்து வந்தது. யாரும் பாட்டிகளிடம் சொல்லவில்லை. ஒரு பாட்டி இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, "அந்தப் பிள்ள செத்துப்போச்சா?" என்று சிஸ்டரிடம் கேட்டாராம்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. 2004 சுனாமிக்கு அப்புறம் வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய ஒரு மருத்துவ வண்டி வாராவாரம் எங்கள் தெருவுக்கு வரும். பாட்டி காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் வந்தது, பிறகு ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஆனால் முட்டுவலிக்காரிக்கு அந்தத் தூரமும் தூரம்தான். "வண்டி வரட்டும்" என்றே நாளைத் தள்ளினார். வண்டி நின்ற எட்டாம் மாதம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவர்கூடப் போய் மாத்திரை வாங்கி வரவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நான் தூக்கிப்போகும் பைக்கு மாநில அரசு பணம் போடுகிறது. எங்கோ ஒருவர் கையெழுத்துப் போட்டு அதை நிறுத்திவிட முடியாது. நின்றால் இங்கேயே போய்க் கேட்கலாம், சண்டை போடலாம். மலாவிப் பாட்டி யாரிடம் போய்க் கேட்பார்?

கிளம்பும்போது சிஸ்டர் என் நோட்டில் ஒரு வெற்றுத் தாள் கேட்டார். வீட்டில் துணைக்கு ஆள் இல்லாதவர்களை முதலில் எழுதி, மாத்திரை கொடுத்ததும் டிக் போடுகிற தாள். கோயில் இளைஞர்களை வைத்து அங்கே செய்து பார்க்கப்போகிறாராம். சைக்கிளுக்கு டயர், பையனுக்கு மத்தியானச் சாப்பாடு, அதற்கு என்ன வழி என்று கேட்டேன்.

"அதுதான் மக்ளே இன்னும் தெரியல," என்றார்.