ஆன்டாலஜி பொருத்தும் நுட்பங்கள்: வகைப்பெயர்களுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆன்டாலஜி (ontology) என்பதற்குத் தமிழில் சொல்லப்படும் 'உள்ளதியல்', 'மெய்ப்பொருளியல்' இரண்டும் மெய்யியலுக்கே இருக்கட்டும். தகவல் முறைமைகளில் ஆன்டாலஜி என்பது ஒரு துறையன்று. எண்ணத்தக்க ஒரு பொருள்: ஒரு களத்தின் கருத்துருக்களைக் கணினிக்காக வரையறுத்து வைத்த தொகுப்பு. மருத்துவமனை ஒன்றை வைத்திருக்கும், ஆய்வுக்கூடம் இன்னொன்றை வைத்திருக்கும், இதில் உள்ள எது அதில் உள்ள எதற்கு நேர் என்று இரண்டையும் பொருத்த வேண்டிவரும். 'இரண்டு உள்ளதியல்கள்' என்று எழுதினால் தமிழ் இடறுகிறது. கருத்துருக்களையும் அவற்றின் உறவுகளையும் கோத்து வைப்பதால் 'கருத்துருக்கோவை' என்கிறேன். தொகுத்து ஒழுங்குபடுத்தியதைக் கோவை என்பது நமக்குப் பழகிய வழக்குதான்.

நுட்பங்களின் வகைப்பெயர்களில்தான் பெரிய சிக்கல். 'சொல்நிலை', 'பொருள்நிலை' என்று இரண்டாகச் சுருக்கும் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இத்துறை ஆய்வாளர்களான ஷ்வைகோவும் யூசெனாவும் 2005இல் தந்த வகைப்பாடு இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறது. நுட்பம் கோவையின் தனி உறுப்பை, அதாவது ஒரு கருத்துருவை மட்டும் பார்க்கிறதா, உறுப்புகளுக்கு இடையிலான கட்டமைப்பைப் பார்க்கிறதா? உள்ளீட்டை வடிவத்தால் அறிகிறதா, வெளியிலுள்ள துணையால் அறிகிறதா, தருக்க விதிகளால் வரையறுத்த முறைசார் பொருண்மையால் அறிகிறதா?

எலியின் உடற்கூற்றுக் கோவையை மனித உடற்கூற்றுக் கோவையோடு பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். எலியின் முன்னங்காலுக்கு மனிதனில் நேரானது கை. பெயர்களின் எழுத்துகளை ஒப்பிட்டால் இரண்டும் சேரவே சேரா. ஆனால் ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா என்ற எலும்புகள் இரண்டிலும் அதே பெயரில் இருக்கின்றன. பகுதிகள் பொருந்துவதைக் கொண்டு முழுமையும் பொருந்தும் என்று ஊகிக்கலாம். இந்த நுட்பம் சொற்பொருளைத் தொடவேயில்லை, உறவுகளின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது. இதைச் 'சொல்நிலை' என்பதா, 'பொருள்நிலை' என்பதா?

எழுத்து ஒப்பீட்டுக்கு எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 'கல்', 'கள்' இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு; நிரல் அவற்றை நெருங்கிய உறவு என்றே கணிக்கும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் கேள்விக்கு 'உறுப்புநிலை', 'கட்டமைப்புநிலை'. இரண்டாவதற்கு 'வடிவவழி', 'புறத்துணைவழி', 'பொருண்மைவழி'. வேர்ட்நெட் போன்ற சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்க்கும் நுட்பத்தைப் பொருண்மைவழி என்று தயவுசெய்து அழைக்க வேண்டாம், அது புறத்துணைவழி. தருக்க வாய்பாடுகளாக மாற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படுகிறதா என்று சோதிப்பதற்கே பொருண்மைவழி என்ற பெயர் உரியது. இந்த எல்லை கலைந்தால் பாடநூல் எழுதுபவர்தான் தவிப்பார்.

செயலுக்குப் 'பொருத்தல்' போதும். அதன் விளைவாகக் கிடைக்கும் இணைகளின் தொகுதிக்குப் 'பொருத்துநிரல்' என்று வைத்திருக்கிறேன்; 'நிரல்' ஏற்கெனவே கணினி நிரலைக் குறிப்பதால் முழு நிறைவில்லை. மேலான சொல் இருந்தால் எழுதுங்கள்.