புதுப்பிப்பு: கழுவினால் போன புரதம் இப்போது நிற்கிறது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். புண்ணுக்குப் போடும் கட்டுக்காக, றால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் ஆன படலத்தில் மீன்தோல் புரதமான கொலாஜனைப் பிணைக்கப் பார்த்தேன். உப்புக் கரைசலில் கழுவியதும் புரதம் கழன்று வந்துவிட்டது.

குற்றவாளி அசிட்டிக் அமிலம். கைட்டோசானைக் கரைக்க அதைத்தான் ஊற்றுகிறோம். படலம் காய்ந்த பிறகும் அசிட்டேட் உள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டையும் பிணைக்கப் போடும் ஈடிசி என்ற வேதிப்பொருளின் வேலை, புரதத்தின் கார்பாக்சில் என்ற அணுத்தொகுதியைத் தூண்டிக் கைட்டோசானின் அமீன் தொகுதியோடு சேர்த்துவைப்பது. அசிட்டேட்டிலும் கார்பாக்சில் இருக்கிறதே! பந்தியில் முதலில் உட்கார்ந்தது அதுதான்.

இப்போது அசிட்டேட்டை வெளியேற்றப் படலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்து, கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை அலசுகிறேன். அப்புறம் எம்இஎஸ் பஃபர் (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), பிஎச் 5.5, ஈடிசியோடு அதற்குத் துணையாக என்எச்எஸ். ஒரு துண்டை மட்டும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரிப் பொருளின் கரைசலில் கழுவினேன் (அது கொலாஜனின் அமைப்பைக் கெடுக்கும், அதனால் சோதனைத் துண்டோடு சரி). சும்மா ஒட்டிய புரதம் அதில் கழன்றுவிடும். ஈடிசி போடாத துண்டில் அப்படித்தான் ஆனது. போட்டதில் புரதம் நின்றது.

ஈடிசி புட்டியைப் பற்றி எச்சரித்தவருக்கு நன்றி. நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் பெய்யும். உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து மருந்து வீணாகும். இப்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் தொடுகிறேன்.

அடுத்து, கைட்டோசானையும் நானே எடுக்கலாம் என்று குளச்சலில் றால் ஓடு கேட்டேன். "கழிவுக்குப் போயி பைசாவா மக்கா?" என்று ஒரு பை நிறையக் கொடுத்தார் மீன்கார அக்கா. பேருந்தில் பக்கத்து இருக்கை கடைசிவரை காலிதான்.